ஒரு படத்தின் விலை என்ன? – கையிருப்புப் பட விற்பனையின் வரலாறு



நம் ஆசிரியர்களில் நிழற்படக் கலையில் ஈடுபாடு கொண்டவர்கள் பலர். பள்ளி விளையாட்டுப் போட்டியா, பரிசளிப்பு விழாவா, ஆண்டு மலரா, படக்கருவியைத் தூக்கிக்கொண்டு முதலில் வருபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியராகத்தான் இருப்பார். விடுமுறை நாள்களில் கேமரன் மலைக்கும் பினாங்குக்கும் சென்று படம் எடுத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. "இத்தனை படங்கள் கணினியில் சும்மாதானே கிடக்கின்றன, இவற்றை இணையத்தில் விற்க முடியுமாமே, உண்மையா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

உண்மைதான், விற்க முடியும். ஆனால், 'முடியும்' என்ற ஒரு சொல்லோடு இந்த விடையை முடித்துவிட இயலாது. ஒரு படம் 100 டாலருக்கு விற்ற காலம் இருந்தது. அதே தரத்துப் படம் 10 காசுக்கு விற்கும் காலமும் வந்தது. இடையில் நடந்தது என்ன, அந்தப் பணம் யாரிடம் போயிற்று என்பதை அறிந்த பிறகு இத்துறையில் காலடி வைப்பதே அறிவுடைமை. எனவே, இக்கட்டுரையில் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கையிருப்புப் படம் என்றால் என்ன?

திருமண வீட்டார் நிழற்படக் கலைஞரை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னால், அது கேட்டு எடுக்கும் படம். யாரும் கேட்காமலேயே எடுத்து வைத்து, பின்னர் தேவைப்படுபவருக்குப் பயன்படுத்தும் உரிமையை விற்றால், அது கையிருப்புப் படம். ஆங்கிலேயர் இதை 'ஸ்டாக் போட்டோ' என்பர். இத்தகைய படங்களைத் திரட்டி விற்கும் நிறுவனத்தைப் படக் களஞ்சியம் எனலாம்.

இங்கே விற்கப்படுவது படம் அன்று; படத்தைப் பயன்படுத்தும் உரிமம் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். படைப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும். வாங்குபவர் அதைத் தம் நூலிலோ விளம்பரத்திலோ வெளியிடும் இசைவை மட்டுமே பெறுகிறார்.

படம் எடுத்தவர் படைப்பாளரா?

இன்று இது இயல்பான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், நிழற்படம் எடுப்பவருக்குப் படைப்பாளர் என்ற தகுதி எளிதில் கிடைத்துவிடவில்லை. "ஓவியர் தம் கையால் வரைகிறார், நிழற்படத்தையோ பொறிதானே எடுக்கிறது? இதில் படைப்பு எங்கே இருக்கிறது?" என்ற வாதம் 19ஆம் நூற்றாண்டில் வலுவாகவே இருந்தது.

1882ஆம் ஆண்டு எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு அமெரிக்கா சென்றிருந்தபோது, நியூயார்க்கில் நெப்போலியன் சரோனி என்ற கலைஞர் அவரைப் படம் எடுத்தார். பரோ-கைல்ஸ் என்ற அச்சு நிறுவனம் அப்படங்களுள் ஒன்றை இசைவு பெறாமல் 85,000 படிகள் அச்சிட்டது. சரோனி வழக்குத் தொடுத்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆளை எவ்வாறு அமர்த்துவது, எந்த உடையும் திரையும் வேண்டும், ஒளி எங்கிருந்து விழ வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்தவர் சரோனியே; ஆகவே, அப்படம் அவருடைய அறிவின் படைப்பே என்று 1884இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 610 டாலர் கிடைத்தது.

இதே காலத்தில்தான் நிழற்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் புள்ளி அச்சு முறையும் வளர்ந்தது. 1880 மார்ச்சு 4ஆம் நாள் நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் அம்முறையில் ஒரு நிழற்படத்தை வெளியிட்டது. ஒருபுறம் படத்திற்குச் சட்டப்படி உரிமையாளர் கிடைத்தார். மறுபுறம் அதை வாங்கி வெளியிட இதழ்கள் தோன்றின. விற்பவரும் வாங்குபவரும் உருவாகிவிட்டால் இடையில் தரகரும் வருவார் அல்லவா? அவ்வாறே வந்தார்.

இரண்டு பெட்டிகளில் வந்த களஞ்சியம்

1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆர்ம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் ஒரு படக் களஞ்சியத்தைத் தொடங்கினார். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் இன்றும் குறிப்பிடப்படுகிறார்.

ஆனால், இவ்வரலாற்றில் நெஞ்சைத் தொடும் கதை ஓட்டோ பெட்மேன் என்பவருடையது. செருமனியின் லைப்சிக் நகரில் 1903இல் பிறந்த யூதரான இவர், பெர்லின் அரசு நூலகத்தில் அரிய நூல்களின் பொறுப்பாளராகப் பணியாற்றினார். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை இழந்தார். 1935இல் நாட்டை விட்டு வெளியேறியபோது அவர் கொண்டுசென்றது இரண்டு பெரிய பெட்டிகள். அவற்றுள் இருந்தவை பழைய ஓவியங்களையும் நூற்பக்கங்களையும் அவர் படமெடுத்துச் சேர்த்த சுருள்களும் பிரதிகளும். மறு ஆண்டே நியூயார்க்கில் பெட்மேன் களஞ்சியம் தொடங்கியது. பாடநூல் பதிப்பாளர்களும் இதழாசிரியர்களும் விளம்பர நிறுவனத்தாரும் அவரைத் தேடி வந்தனர்.

பெட்மேனின் வலிமை படங்களின் எண்ணிக்கையில் மட்டும் இருக்கவில்லை, வகைப்படுத்தலில் இருந்தது. கேட்ட படத்தைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால் கோடிப் படங்கள் இருந்தும் பயனில்லை. இன்று இணையத்தில் படம் விற்பவர் ஒவ்வொரு படத்துக்கும் தேடுசொற்கள் எழுதுகிறாரே, அந்த வேலையின் மூத்த வடிவம் பெட்மேனின் அட்டைப் பெட்டிகளில் இருந்தது.

போருக்குப் பின்னர் 1947இல் ராபர்ட் காப்பா, கார்த்தியே-பிரெசோன் முதலியோர் இணைந்து 'மாக்னம்' அமைப்பைத் தொடங்கினர். இது நிழற்படக் கலைஞர்களே உரிமையாளர்களாக இருந்து நடத்திய கூட்டுறவு. படத்தின் உரிமை இதழுக்கன்று, எடுத்தவருக்கே என்பது அவர்களின் கொள்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதே எண்ணம் வேறு வடிவில் மீண்டும் தலைதூக்கும்.

பொழுதுபோக்காளருக்குக் கதவு மூடியிருந்த காலம்

1970களிலும் 80களிலும் கையிருப்புப் படம் பெருந்தொழிலாயிற்று. 1974இல் 'இமேஜ் பேங்க்' நிறுவனம் தோன்றியது. தடித்த வண்ணப் பட்டியல் நூல்கள் அச்சாகி விளம்பர நிறுவனங்களுக்குச் சென்றன. வாங்குபவர் பட்டியலைப் பார்த்துத் தெரிவு செய்வார். 'ஸ்லைடு' எனப்படும் ஒளிவில்லை அஞ்சலில் போகும். வேலை முடிந்ததும் திரும்பி வரும்.

விலையோ பயன்பாட்டைப் பொறுத்தது. படம் அட்டையிலா, உட்பக்கத்திலா? முழுப் பக்கமா, கால் பக்கமா? எத்தனை படிகள்? எந்த நாட்டில்? எத்தனை மாதங்கள்? இவற்றையெல்லாம் கேட்டுத்தான் கட்டணம் கணக்கிடப்படும். வருவாயைக் களஞ்சியமும் கலைஞரும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்வது பரவலான வழக்கமாக இருந்தது.

ஆனால், இந்த வட்டத்திற்குள் நம்மைப் போன்ற பொழுதுபோக்குக் கலைஞர் நுழைவது அரிது. நூற்றுக்கணக்கான தரமான ஒளிவில்லைகளைக் காட்ட வேண்டும். தொடர்ந்து அனுப்ப வேண்டும். படச்சுருளும் கழுவும் செலவும் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

அக்காலத்தின் உச்சம் எனத்தக்க ஒரு படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் திறந்ததும் தோன்றுமே, நீலவானமும் பசும்புல் மேடும், அதுதான். கணினியில் வரைந்தது என்று பலர் எண்ணினர். அது 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில், சாலையோரம் வண்டியை நிறுத்தி சார்லசு ஓரியர் என்பவர் படச்சுருளில் எடுத்தது. அங்கே இருந்த திராட்சைக் கொடிகள் பூச்சி நோயினால் பிடுங்கப்பட்டிருந்ததால்தான் மேடு முழுவதும் புல்லாக இருந்தது. படம் களஞ்சியத்திற்குப் போயிற்று. சில ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் அதைக் கண்டெடுத்து முழு உரிமையையும் வாங்கியது. ஓரியர் ஒன்றும் புதியவரல்லர். நேஷனல் ஜியோகிராஃபிக் இதழுக்குப் பல ஆண்டுகள் படமெடுத்தவர். ஆயினும், யாரும் கேட்காமல் வழியில் எடுத்த ஒரு படம் உலகின் மேசைகளிலெல்லாம் ஏறியது என்பது கையிருப்புப் படத்தின் கவர்ச்சியை விளக்கப் போதுமானது.

குறுந்தட்டும் இரு பெருநிறுவனங்களும்

1991இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'போட்டோடிஸ்க்' நிறுவனம் பிறந்தது. குறுந்தட்டு ஒன்றில் பல படங்களை நிரப்பி விற்றது. ஒருமுறை பணம் கொடுத்துத் தட்டை வாங்கினால் அதிலுள்ள படங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இதற்கு 'ராயல்டி ஃபிரீ' என்று பெயர். இச்சொல்லை 'இலவசம்' என்று பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். இலவசம் அன்று, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே பொருள். தமிழில் 'ஒருமுறைக் கட்டண உரிமம்' எனலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே படத்தை எத்தனை பேரும் வாங்கலாம். 2004இல் டெல், கேட்வே என்னும் இரண்டு போட்டிக் கணினி நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரே மாணவியின் முகம் தோன்றியது. இரு நிறுவனங்களும் ஒரே படப்பிடிப்பின் படங்களைத் தனித்தனியே வாங்கியிருந்தன!

இதற்கிடையே பெருமுதலீடு உள்ளே வந்தது. பில் கேட்சு 1989இல் தொடங்கிய நிறுவனம் பின்னர் 'கோர்பிஸ்' எனப் பெயர் பெற்று, 1995இல் பெட்மேன் களஞ்சியத்தை வாங்கியது. அதே 1995இல் மார்க் கெட்டியும் ஜொனதன் கிளைனும் இலண்டனில் தொடங்கிய நிறுவனம், போட்டோடிஸ்க்கோடு இணைந்து 'கெட்டி இமேஜஸ்' ஆயிற்று. இரண்டு பெட்டிகளில் கடல் கடந்து வந்த பெட்மேனின் சேகரிப்பு, ஒரு கோடிக்கும் அதிகமான படங்களாகப் பெருகி, பென்சில்வேனியாவில் பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் குளிரூட்டிப் பாதுகாக்கப்பட்டது. 2016இல் கோர்பிஸின் படங்கள் சீன நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டன. சீனாவுக்கு வெளியே அவற்றை வழங்கும் பொறுப்பு கெட்டியிடம் வந்தது.

கதவு திறந்தது: கால்கரி, 2000

கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் 2000ஆம் ஆண்டு 'ஐஸ்டாக்போட்டோ' தளத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் இது கடையே அன்று. வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் படங்களைப் பண்டமாற்று செய்துகொண்ட இடம். நீ ஒரு படம் கொடு. நான் ஒரு படம் தருகிறேன். கூட்டம் பெருகவே இணையத் தளத்தை நடத்தும் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. எனவே, படத்திற்கு 25 காசு என்று விலை வைத்தனர். அதில் 20 விழுக்காடு படம் எடுத்தவருக்கு.

நூறு டாலர் பொருள் கால் டாலருக்கு! தொழில்முறைக் கலைஞர்கள் கொதித்தெழுந்தது வியப்பன்று. ஆனால், காலம் கனிந்திருந்தது. 1999இல் வந்த நிகோன் டி1 படக்கருவி ஏறத்தாழ 5,000 டாலர் விலையில் 2.7 மில்லியன் படப்புள்ளிகளையே தந்தது. 2003இல் வந்த கேனன் 300டி, 1,000 டாலருக்கும் குறைந்த விலையில் 6.3 மில்லியன் படப்புள்ளிகளைத் தந்தது. படச்சுருள் வேண்டியதில்லை, கழுவும் செலவில்லை. ஆசிரியரும் தாதியும் அலுவலக எழுத்தரும் அச்சுக்குத் தகுந்த படத்தை எடுக்க வழி பிறந்தது.

அதே 2003இல் ஜோன் ஒரிங்கர் நியூயார்க்கில் 'ஷட்டர்ஸ்டாக்' தளத்தைத் தொடங்கினார். தாமே எடுத்த ஏறத்தாழ 30,000 படங்களே அவருடைய முதல். மாதச் சந்தா கட்டினால் நாள்தோறும் படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கொண்டுவந்த முறை. 2004இல் 'ட்ரீம்ஸ்டைம்', 2005இல் 'ஃபோட்டோலியா' எனத் தளங்கள் வரிசையாக வந்தன. நம் மலேசியாவும் இதில் பின்தங்கவில்லை. இங்குத் தோன்றிய 'இன்மேஜின்' குழுமம் 2005இல் '123ஆர்எஃப்' தளத்தைத் தொடங்கி உலகச் சந்தையில் இடம் பிடித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

2006 பிப்ரவரியில் கெட்டி நிறுவனம் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அவ்வாண்டு ஜூன் மாத 'வயர்டு' இதழில் ஜெஃப் ஹோவ் எழுதிய கட்டுரை, 'கிரவுட்சோர்சிங்' என்ற புதுச்சொல்லை உலகிற்குத் தந்தது. பெருந்திரளிடமிருந்து வேலையைப் பெறுதல் என்று பொருள். அக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்காட்டியது ஐஸ்டாக்போட்டோவைத்தான். இன்று எத்தனையோ துறைகளில் வழங்கும் அச்சொல்லுக்கு முதல் சான்றாக நின்றவர்கள் வார இறுதியில் படமெடுத்த பொழுதுபோக்குக் கலைஞர்களே.

விற்கும் படத்தின் இலக்கணம்

கதவு திறந்ததே தவிர வாயிலில் காவலர் இல்லாமல் இல்லை. ஷட்டர்ஸ்டாக் தளத்தில் சேர விரும்புவோர் பல ஆண்டுகள் வரை 10 படங்களை அனுப்பி அவற்றுள் 7 தேற வேண்டியிருந்தது. நாம் மாணவருக்குத் தேர்வு வைப்பது போன்றதே இது. குவியம் சற்று விலகியிருந்தாலும், நிழற்பகுதியில் புள்ளிகள் தெரிந்தாலும், சட்டையில் ஒரு நிறுவனத்தின் சின்னம் தெரிந்தாலும் படம் திரும்பி வரும். இந்தக் கண்டிப்பினால் எத்தனையோ பேர் தம் கலையைச் செப்பம் செய்துகொண்டனர் என்பதை மறுக்க முடியாது.

மேலும், நமக்கு அழகாகத் தோன்றுவது வேறு, விலைபோவது வேறு. சூரியன் மறையும் காட்சி கோடிக்கணக்கில் கிடக்கிறது. வாங்குபவர் தேடுவது ஒரு கருத்தை: ஒற்றுமை, முதுமை, கடன், உடல்நலம். அதற்குப் பொருந்தும் முகமும் கையும் பொருளும் வேண்டும். தலைப்பு எழுத ஓரத்தில் வெற்றிடமும் வேண்டும். ஸ்பானியக் கலைஞர் அந்தோனியோ கியெம் 2015இல் எடுத்த ஒரு படத்தில், காதலியோடு நடக்கும் இளைஞன் வேறொரு பெண்ணைத் திரும்பிப் பார்ப்பான். நம்பிக்கைத் துரோகம் என்ற கருத்தைக் காட்ட எடுத்த படம். 2017இல் அது உலகெங்கும் நகைச்சுவைப் படமாகப் பரவியது. ஒரு பார்வையிலேயே பொருள் விளங்குவதுதான் அதன் ஆற்றல்.

சட்டமும் உண்டு. விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் ஒருவரின் முகம் தெரிந்தால் அவருடைய எழுத்துவழி இசைவு வேண்டும். அவர் சிறுவராயின் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். ஈபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் அதன் விளக்கொளி தனிப்படைப்பாகக் கருதப்படுவதால் வணிகத்திற்கு இசைவு தேவை. செய்திக்காக மட்டும் பயன்படும் படங்களுக்கு இவ்விதிகள் தளர்வானவை. தைப்பூசக் கூட்டத்தை எடுத்த படம் இவ்வகையில் அடங்கும். ஆனால், அதைப் பற்பசை விளம்பரத்தில் போட இயலாது.

பங்கு சுருங்கிய கதை

இனி, இக்கட்டுரையின் மையத்திற்கு வருவோம். விலை குறைந்தபோது, "எண்ணிக்கையால் ஈடுகட்டலாம், நூறு டாலருக்கு ஒரு படம் விற்பதைவிட கால் டாலருக்கு ஆயிரம் முறை விற்கலாம்" என்று சொல்லப்பட்டது. தொடக்கத்தில் அது ஓரளவு நடக்கவும் செய்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யூரி ஆர்கர்ஸ் போன்றோர் இதையே பெருந்தொழிலாக்கினர்.

ஆனால், விற்பவர் பெருகினர், படங்கள் பெருகின, விலையும் பங்கும் அவர்களைக் கேளாமலேயே மாற்றப்பட்டன.

2010 செப்டம்பரில் ஐஸ்டாக்போட்டோ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தம்மிடம் மட்டுமே விற்போம் என ஒப்பாத கலைஞர்களுக்கு அதுவரை கிடைத்த 20 விழுக்காடு, அவரவர் விற்பனைக்கேற்ப 15 விழுக்காடு வரை இறங்கும் என்பதே அது. 2013 ஜனவரியில், கெட்டியும் கூகுளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆயிரக்கணக்கான படங்கள் கூகுள் பயனர்களுக்கு வழங்கப்பட்டது தெரியவந்தது. பலருக்கு ஒரு படத்திற்குச் சுமார் 12 டாலர் ஒரே தடவையாகக் கிடைத்தது. கொதித்த கலைஞர்கள் பிப்ரவரி 2ஆம் நாளைக் குறித்து, தம் படங்களைத் தாமே அழித்துப் போராடினர்.

2020 ஜூன் மாதம் ஷட்டர்ஸ்டாக் தன் முறையை மாற்றியது. அதுவரை வாழ்நாள் வருவாய்க்கேற்ப ஒரு சந்தாப் பதிவிறக்கத்திற்கு 25 முதல் 38 காசு வரை கிடைத்தது. புதிய முறையில் பங்கு 15 முதல் 40 விழுக்காடு; குறைந்தது 10 காசு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளில் எல்லாரும் மீண்டும் கீழ்ப்படிக்கு இறக்கப்படுவர். ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவனை ஆண்டுதோறும் முதலாம் ஆண்டில் கொண்டுபோய் உட்காரவைப்பது போன்றது இது.

கணக்கு ஒன்று பார்ப்போம். முன்னர் 75 டாலர் சேர்ந்தால்தான் ஷட்டர்ஸ்டாக் பணம் அனுப்பும். 25 காசு வீதம் 300 பதிவிறக்கங்கள் வேண்டும். பின்னர் அவ்வெல்லை 35 டாலராகக் குறைந்தது. ஆனால், 10 காசு வீதம் அதைத் தொட 350 பதிவிறக்கங்கள் வேண்டும். எல்லை பாதிக்கும் கீழே வந்தது, உழைப்போ கூடியது! இதற்கு மேல் நமக்கு ஒரு சுமையும் உண்டு. அமெரிக்காவுக்கும் மலேசியாவுக்கும் இடையே முழுமையான வருமான வரி உடன்பாடு இல்லை, சிங்கப்பூருக்கும் இல்லை. எனவே, அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் நமக்குரிய பங்கிலிருந்து 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும்.

மீண்டும் ஒரு கூட்டுறவு

ஐஸ்டாக்போட்டோவைத் தொடங்கிய லிவிங்ஸ்டனே 2013இல் பிரியானா வெட்லாஃபருடன் இணைந்து கனடாவில் 'ஸ்டாக்சி' என்ற கூட்டுறவை நிறுவினார். இங்குப் படம் எடுப்பவர்களே உறுப்பினர், அவர்களே உரிமையாளர். வழக்கமான உரிமத்தில் 50 விழுக்காடும், விரிவுபடுத்திய உரிமத்தில் 75 விழுக்காடும் கலைஞருக்கு. 1947இல் மாக்னம் விதைத்த எண்ணம் இணைய மண்ணில் மீண்டும் முளைத்தது. விலையைத் தரையில் இறக்கியவரே உரிமையைக் கலைஞரிடம் கொண்டுசேர்க்க முனைந்தார் என்பது வரலாற்றின் விந்தை. ஆனால், ஸ்டாக்சி எல்லாரையும் ஏற்பதில்லை. தேர்ந்தெடுத்த சிலரையே சேர்த்துக்கொள்கிறது. கூட்டுறவின் பங்கு பெரிது, வாயில் சிறிது.

இலவசமும் செயற்கை நுண்ணறிவும்

விலை 10 காசோடும் நிற்கவில்லை. 2013இல் கனடாவின் மொன்றியலில் தொடங்கிய 'அன்ஸ்பிளாஷ்' தளம் படங்களை முற்றிலும் இலவசமாக வழங்கியது. கலைஞர்கள் பெயருக்காகக் கொடுத்தனர். 2021இல் கெட்டி அதனை விலைக்கு வாங்கியது. இலவசமாகக் கொடுக்கப்பட்ட படங்களுக்கும் ஒரு விலை இருந்திருக்கிறது. அது எடுத்தவர்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வந்தது செயற்கை நுண்ணறிவு. எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் கணினிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கோடிக்கணக்கான படங்கள் தேவை. அவற்றோடு விளக்கச் சொற்களும் தேவை. இவை இரண்டும் ஒருங்கே எங்கே இருந்தன? களஞ்சியங்களில்தான். ஷட்டர்ஸ்டாக் 2021 முதல் ஓபன்ஏஐ நிறுவனத்திற்குப் படங்களை வழங்கியது. ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்கியிருந்த அடோபி, தன் களஞ்சியத்தைக் கொண்டு பயிற்றுவித்த 'ஃபயர்ஃபிளை' என்ற கருவியை 2023 மார்ச்சில் வெளியிட்டது. இரு நிறுவனங்களும் கலைஞர்களுக்கு ஒரு தொகையைப் பகிர்ந்தளித்தன. கெட்டியோ, தன் படங்களை இசைவின்றிப் பயன்படுத்தியதாக 2023இல் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. இலண்டன் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் அளித்த தீர்ப்பில், வணிகச் சின்னம் பற்றிய ஒரு சிறு பகுதியைத் தவிர, கெட்டி பெரும்பாலும் தோற்றது.

1884இல் சரோனியை நோக்கி, "பொறிதானே எடுத்தது?" என்று கேட்டனர். இன்றோ பொறியே படத்தை உருவாக்குகிறது. அதற்கு அரிச்சுவடி ஆனவை, தேடுசொற்களோடு நாம் பதிவேற்றிய படங்கள். இதற்கிடையே 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையவிருப்பதாக அறிவித்தன. வாங்கும் கடைகள் குறையக் குறைய, விலை பேசும் வலிமை விற்பவருக்குக் குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு தரும் பாடம்

ஆக, படம் விற்கலாமா என்றால், விற்கலாம் என்றே சொல்வேன். முன்பின் அறியாத ஒருவர் நம் படத்தைத் தெரிவு செய்து பணம் கொடுத்தார் என்ற மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால், நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

1. இதை நம்பி வேலையை விடாதீர்கள். லென்சு வாங்கும் செலவில் ஒரு பகுதி திரும்பி வந்தாலே நன்று.

2. மற்றவர் எடுக்க முடியாததை எடுங்கள். வெள்ளைப் பின்புலத்தில் ஆப்பிளைக் கணினியே வரைந்துவிடும். நம் ஊர்ச் சந்தையில் வாழையிலை கட்டும் முதியவரின் கைகளையும், ரப்பர்த் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் பழைய லயத்து வீட்டையும் அங்கே இருப்பவர்தாம் எடுக்க முடியும். இடமும் நாளும் குறித்து எழுதிய அத்தகைய படம், விலைபோகாவிட்டாலும் ஆவணமாகும். பெட்மேன் சேர்த்தவையும் ஆவணங்களே.

3. உரிம விதிகளை முழுவதும் படியுங்கள். படத்தைத் தளத்திலிருந்து பின்னர் நீக்கிவிடலாம். ஆனால், அதுவரை விற்ற உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. கணினிக்குப் பாடமாகிவிட்ட படத்தையும் மீட்க முடியாது.

4. இது ஆசிரியர்களுக்கு மட்டும். நம்மைச் சுற்றி அழகிய முகங்கள் நாள்தோறும் சிரிக்கின்றன. மாணவர் படங்கள் நன்கு விலைபோகும் என்பதும் உண்மை. ஆயினும், பள்ளி நிகழ்வில் எடுத்த படத்தை ஒருபோதும் களஞ்சியத்திற்கு அனுப்பாதீர்கள். "படம் எடுக்கவா?" என்று ஆசிரியர் கேட்டால் எந்தப் பெற்றோரும் மறுக்கமாட்டார். அதனாலேயே அந்த இசைவு போதாது. அந்தப் படம் எந்த நாட்டில், எந்த நோய்க்கு, எந்தப் பொருளுக்கு விளம்பரமாகும் என்பதை நம்மாலும் சொல்ல முடியாது. அவர்களாலும் அறிய முடியாது. 10 காசுக்காக ஒரு குழந்தையின் முகத்தை நம் கைவிட்டுப் போகச் செய்யலாகாது.

நூறு டாலரிலிருந்து 10 காசுக்கு வந்த பயணத்தில் படம் எடுப்பவரின் திறமை குறையவில்லை, உண்மையில் கூடியிருக்கிறது. விலையைக் குறிக்கும் உரிமை மட்டும் அவர் கையில் இல்லாமல் போயிற்று. எதை விற்பது, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்ற உரிமை இன்றும் நம்மிடம்தான் இருக்கிறது. அதை விழிப்புடன் பயன்படுத்துவோமாக.